இருபதாவது மாத்திரை

வியாபாரி ஒருவர் தமது தராசு பழுதுபட்டிருப்பதை அறியாமல் ஒரு மாத காலம் சரக்கு நிறுத்துக் கொடுத்து வந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிலோவிலும் 50 கிராம் குறைந்திருக்கிறது. அவர் மோசம் செய்ய நினைத்தவர் அல்லர். தராசைக் குறித்து அவருக்கு ஒன்றும் தெரியாது. என்றாலும், வாங்கிச் சென்றவர் வீட்டுப் பானையில் அரிசி குறைந்தது குறைந்ததுதான். உண்மை தெரிந்த அன்று அவர் என்ன செய்ய வேண்டும்? 'என் நிய்யத் சுத்தம்' என்று சொல்லிவிட்டுக் குறைந்த எடையின் காசைக் கல்லாவிலேயே வைத்துக்கொள்ளலாமா? கூடாது என்பதில் நம் வியாபாரச் சகோதரர்கள் எவருக்கும் சந்தேகம் இராது.

சரக்கு விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நாம், பிறருக்கு உதவி செய்யும் விஷயத்தில் மட்டும் இந்தத் தராசை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறோம். உதவி செய்யப்போய் ஒருவனுக்குக் கேடு வந்துவிட்டால், 'நல்லதை நினைத்துத்தானே செய்தோம்' என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். கேட்பவர்களும் ஆமாம் என்கிறார்கள். நல்ல எண்ணம் இருந்தால் போதுமா? இந்தக் கேள்வியைப் பற்றிச் சில ஆண்டுகளாகவே நாம் யோசித்து வருகிறோம். படித்த பெரியவர்கள் இதை நன்றாக விளக்குவார்கள். மதரசாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிப் படித்ததோடு கடைக்கு வந்துவிட்ட நமக்கு, நடந்ததைச் சொல்லித்தான் விளக்கத் தெரியும்.

2017ஆம் ஆண்டு நோன்பு மாதம். கிள்ளானில் நமது மளிகைக் கடையில் பெருநாள் வியாபாரம் சூடு பிடித்திருந்த சமயம். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து நம்மிடம் வேலை செய்த பையன் ஒருவனுக்குத் தொடையில் கட்டி வந்து பழுத்துவிட்டது. நடக்க முடியாமல் காலை இழுத்து இழுத்து நடந்தான். கிளினிக்குக்கு அனுப்பினால் அரை நாள் போய்விடும். கல்லாவில் ஒருவர், சரக்கு எடுத்துக் கொடுக்க அவன் ஒருவன் என்று இருந்த கடையில் அரை நாள் என்பது சிறிய விஷயமன்று.

நம் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் உண்டு. மீந்துபோன மாத்திரைகள் எல்லாம் அதற்குள் போகும். அநேகமாக உங்கள் வீட்டிலும் அப்படியொரு டின் இருக்கும். அதற்கு முந்திய ஆண்டு நமக்குச் சிறுநீர்க் கடுப்பு வந்தபோது கிளினிக்கில் இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். நாலைந்து நாளில் சுகம் தெரிந்ததும் நாமாகவே நிறுத்திவிட்டோம். மீதியெல்லாம் டின்னில் கிடந்தது. பெயர் எழுதியிருந்த பிளாஸ்டிக் பை கிழிந்து எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. வெள்ளை மாத்திரை, சீழுக்கு நல்லது என்பதுதான் நமக்குத் தெரிந்தது. 24 மாத்திரைகளை எண்ணி ஒரு தாளில் மடித்து, "சஹருக்கு ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று போடு தம்பி" என்று கொடுத்தோம். அவன் முகம் மலர்ந்தது. வாங்கிக்கொண்டு, "கிளினிக் காசு மிச்சம் முதலாளி" என்றான்.

பத்தாவது நோன்பு அன்று ஆரம்பித்தான். மூன்று நாளில் கட்டி உடைந்து வாடிவிட்டது. நமக்குப் பெருமையாக இருந்தது. கடைக்கு வந்த இரண்டொருவரிடம் சொல்லியும் கொண்டோம். பத்தொன்பதாவது நோன்பு அன்று அவனுக்குக் காய்ச்சல் அடித்தது. தொண்டை வலி, கண் எரிச்சல் என்றான். நெஞ்சில் சிவப்பாகத் தடித்திருந்தது. நோன்பு திறந்து, வழக்கம்போல் அந்த மாத்திரையையும் போட்டுக்கொண்ட பிறகு, பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். தெரிந்த முகங்கள் நாலைந்து அங்கே உட்கார்ந்திருந்தன.

டாக்டர் பார்த்துவிட்டு, "மருந்து ஏதாவது சாப்பிட்டாரா?" என்று கேட்டார். பையன் நம் முகத்தைப் பார்த்தான். "பனடோல் மட்டும்தான் டாக்டர்" என்றோம்.

அந்தப் பொய்யை ஏன் சொன்னோம் என்று நம்மை நாமே எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டோம். டாக்டர் கொடுக்க வேண்டிய மருந்தை மளிகைக் கடைக்காரன் கொடுத்தது தப்பு என்பது அந்த நிமிஷத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் விஷப் பொருள் சட்டப்படி இத்தகைய மருந்தை டாக்டர் நேரில் கொடுக்க வேண்டும். அல்லது அவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து மருந்தாளர் கொடுக்க வேண்டும். டாக்டர் நம்மைக் கடிந்துகொள்வார் என்ற வெட்கமும், வெளியே இருந்தவர்கள் காதில் விழுமே என்ற அச்சமும் சேர்ந்து வாயை அடைத்துவிட்டன. சொன்னதை வைத்துத்தானே டாக்டர் பார்க்க முடியும்? ஏதோ வைரஸ் காய்ச்சல் போல இருக்கிறது, அதிகமானால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் சஹரில் பையன் வழக்கம்போல் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டான். அது இருபதாவது மாத்திரை.

விடிந்தபோது அவன் உதடுகள் வெந்து உரிந்திருந்தன. இரண்டு கண்களும் ஒட்டிக்கொண்டு திறக்க முடியவில்லை. முதுகில் கொப்புளம் கிளம்பி, சட்டை பட்ட இடமெல்லாம் தோல் வழன்று வந்தது. ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் பார்த்த உடனே, "கடந்த ஒரு மாதத்தில் என்னென்ன மருந்து?" என்று கேட்டார். இந்த முறை சொன்னோம். பையனின் சட்டைப் பையில் மீதி நாலு மாத்திரைகள் இருந்தன. அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு, இது என்ன மருந்து என்றார். பெயர் நமக்குத் தெரியவில்லை. பழைய கிளினிக்குக்கு ஓடி, பதிவைத் தேடச் சொல்லி, கோ-டிரைமாக்சசோல் என்று எழுதி வாங்கி வருவதற்குள் பகல் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. சல்பா இனத்தைச் சேர்ந்த ஆன்டிபயாட்டிக் அது.

இந்த வியாதியைப் பற்றி அதன் பிறகு கேட்டும் படிக்கச் சொல்லியும் தெரிந்துகொண்டதைச் சகோதரர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். ஆன்டிபயாட்டிக் மருந்துகளால் தோலில் வரும் தொல்லையெல்லாம் ஒரே வகையன்று. சிலருக்கு மருந்து உள்ளே போன ஒரு மணி நேரத்துக்குள் காணாக்கடி போலத் தடித்து அரிக்கும். அதோடு முகம் வீங்கி மூச்சுத் திணறினால் உயிருக்கே ஆபத்து. பலருக்கு ஒரு வாரம் கழித்துச் செந்தடிப்பு தோன்றி, மருந்தை நிறுத்தியதும் மெல்ல அடங்கிவிடும். பையனுக்கு வந்தது இவற்றினும் கொடியது. 1922ஆம் ஆண்டில் நியூயார்க்கில் இரண்டு சிறுவர்களிடம் இதைக் கண்டு எழுதிய டாக்டர்கள் ஸ்டீவன்ஸ், ஜான்சன் இருவரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. இதிலேயே மிகக் கடுமையான வகையை 1956ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து டாக்டர் ஆலன் லையல் விவரித்தார். கொதிநீர் பட்டு வெந்தது போன்ற தோல் என்று அவர் கண்டது, நாம் அன்று கண்ணால் கண்டதுதான்.

நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவற்படையே, மருந்தால் தடுமாறி, தன் சொந்தத் தோலைத் தாக்குகிறது. தோலின் மேலடுக்கு கீழடுக்கிலிருந்து கழன்று விடுகிறது. உடம்புத் தோலில் 10 சதவிகிதத்துக்குக் குறைவாகக் கழன்றால் அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வியாதி. 30 சதவிகிதத்துக்கு மேல் போனால் லையல் சொன்ன வியாதி. இடைப்பட்டது இரண்டும் கலந்தது. முன்னதில் 100 பேரில் 5 முதல் 10 பேர் வரை இறக்கிறார்கள். பின்னதில் 30 பேர், சில வேளைகளில் அதற்கும் மேல். பெரும்பாலும் புது மருந்து தொடங்கிய நாலு நாளிலிருந்து நாலு வாரத்துக்குள் இது தலைகாட்டும். முதலில் சாதாரணக் காய்ச்சலும் தொண்டை வலியும் கண் எரிச்சலும்தான் வரும். அதனால்தான் ஏமாந்து போகிறார்கள். சல்பா மருந்துகளால் மட்டும் வருவதுமன்று. கீல்வாதத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினால், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் முதலியவற்றாலும் வரும். சிலருடைய பிறவி அமைப்பே இதற்கு இடம் கொடுக்கிறது. கார்பமசெபினைப் புதிதாகத் தொடங்கும் ஆசிய இனத்தவருக்கு முன்கூட்டி மரபணுச் சோதனை செய்யலாம் என்று சிங்கப்பூரில் 2013ஆம் ஆண்டில் சுகாதார அதிகாரிகள் பரிந்துரை செய்தார்கள். இதற்குச் சிகிச்சையில் தலையாயது ஒன்று: காரணமான மருந்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவுக்கு உயிர் தப்பும் வாய்ப்பு அதிகம்.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்ட அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். நம்மேல் உள்ள குற்றம் என்ன? முதல் பத்தொன்பது மாத்திரைகளை எடுத்துக்கொள்வோம். அவை அறியாமையால் கொடுத்தவை. இந்த வியாதி ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒரு சிலருக்கு மட்டுமே வரக்கூடியது. டாக்டரே எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்தப் பையனுக்கு வந்திருக்கலாம். ஆகவே 'விதி' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழி இருக்கிறது. நண்பர்கள் பலர் அப்படித்தான் சமாதானம் சொன்னார்கள்.

ஆனால் டாக்டர் கொடுத்திருந்தால் பெயர் தெரிந்திருக்கும். முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டிருப்பார். உடம்பில் தடிப்பு கண்டால் நிறுத்திவிட்டு ஓடி வா என்று சொல்லியிருப்பார். நாம் கொடுத்தது இவை மூன்றும் இல்லாத மாத்திரை. தேதி முடிந்த டப்பாவையும் பெயரில்லாத பொட்டலத்தையும் கடைத் தட்டில் வைக்க மாட்டோம் என்று பெருமை பேசுகிற நாம், காசு வாங்காமல் கொடுக்கிறோம் என்பதற்காகப் பெயரில்லாத மருந்தை ஒரு மனிதன் வயிற்றுக்குள் அனுப்பினோம். இலவசம் என்பதால் சரக்கின் பொறுப்புக் குறைந்துவிடுமா?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த நல்ல எண்ணத்தையே உரைத்துப் பார்த்தால் அது முழுத் தங்கமாக இல்லை. பையன் மேல் இரக்கம் இருந்தது உண்மை. அரை நாள் வேலை கெடக்கூடாது என்பதும் அதற்குள் இருந்தது. பையனுக்குக் கிளினிக் காசு மிச்சம். நமக்கு அரை நாள் மிச்சம். இரண்டையும் 'உதவி' என்ற ஒரே பெயரில் கணக்கு எழுதிவிட்டோம்.

இருபதாவது மாத்திரை வேறு கணக்கு. அதை அறியாமையின் பேரில் எழுத முடியாது. மாத்திரை கொடுத்ததை அறிவோம். மறைப்பதை அறிவோம். கேட்டவர் டாக்டர் என்பதையும், காரணமில்லாமல் அவர் கேட்கவில்லை என்பதையும் அறிவோம். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மாத்திரை அவன் வாய்க்குள் போயிராது. ஆஸ்பத்திரிக்கும் அன்றிரவே போயிருப்போம். அந்த ஒரு மாத்திரையாலும் அந்த ஓர் இரவாலும்தான் கேடு முற்றியது என்று எந்த டாக்டரும் நம்மிடம் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அதை நிறுக்க உலகத்தில் தராசு இல்லை. குறைந்தது எவ்வளவு என்று தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். எவ்வளவு என்றே தெரியாத கடன் இது.

ஆகவே நமக்குத் தோன்றுவது இதுதான். தெரியாமல் செய்த பிழைக்கு நல்ல எண்ணம் ஓரளவு மன்னிப்பைத் தேடித் தரலாம். ஆனால் பிழை நடந்திருக்கிறது என்ற சந்தேகம் தட்டிய நிமிஷத்திலிருந்து நல்ல எண்ணத்துக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. உள்ளதைச் சொல்வதுதான் அந்த வேலை. அதைச் செய்யாத நல்ல எண்ணம் அதற்குமேல் நல்ல எண்ணமாக இருப்பதில்லை. அது தன்னைக் காத்துக்கொள்ளும் எண்ணமாக மாறிவிடுகிறது.

பையன் மூன்று வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தான். பெருநாளும் அங்கேயே போயிற்று. புதுத் தோல் வந்தது. கறுத்த திட்டுகள் நின்றுவிட்டன. கண்கள் மட்டும் பழைய நிலைக்கு வரவில்லை. கண்ணீர் சுரப்பது குறைந்து, வெயிலில் கூச்சம் கண்டு, நாள் முழுதும் சொட்டு மருந்து விட வேண்டியதாயிற்று. செலவை நாம் ஏற்றுக்கொண்டோம். அவனுடைய தாயார் தொலைபேசியில் அழுதுகொண்டே, "பெத்த தகப்பன் மாதிரி பார்த்துக்கிட்டீங்க தம்பி, உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும்" என்றார். ஏசியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்போம்.

2018ஆம் ஆண்டில் அவன் ஊர் திரும்பும் முன்தினம், கடையை அடைத்த பிறகு உட்கார வைத்து, கிளினிக்கில் நாம் சொன்ன பொய்யைப் பற்றிப் பேசினோம். அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, "எனக்குத் தெரியுமே முதலாளி. நானும் பக்கத்துலதானே நின்னேன். நீங்க பேசும்போது நான் எப்படிக் குறுக்கே பேசுறது?" என்றான்.

சகோதரர்களே, இதைத்தான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தோம். சம்பளம் கொடுக்கிறவர் பொய் சொன்னால், சம்பளம் வாங்குகிறவன் வாயும் சேர்ந்து அடைபட்டுவிடுகிறது. அன்று நாம் மறைத்தது நம் பிழையை மட்டுமன்று. தன் உயிரைக் காத்துக்கொள்ள அந்தப் பையன் பேசியிருக்கக்கூடிய ஒரு வார்த்தையையும் சேர்த்து மறைத்தோம். நம்மை நம்பிக் கடல் கடந்து வந்து வேலை செய்கிறவனின் உடம்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் குறித்து டாக்டர் ஒரு கேள்வி கேட்டால், பதில் அவனுக்குச் சொந்தம், நமக்கன்று.

'அப்படியானால் யாருக்கும் உதவியே செய்யக்கூடாதா?' என்று சிலர் கேட்கலாம். செய்ய வேண்டும். மாத்திரையை எடுத்துக் கொடுப்பது சுலபமான உதவி. அரை நாள் விடுமுறை கொடுத்து, கிளினிக் காசும் கொடுத்து, முடிந்தால் கூடப் போய் உட்கார்ந்திருப்பது கொஞ்சம் கஷ்டமான உதவி. இவ்விரண்டில் எது நமக்குச் செலவு வைக்கிறதோ அதுவே அநேகமாக உண்மையான உதவி. 'பத்து லட்சத்தில் ஒரு சிலர்தானே' என்று வேறு சிலர் சொல்லலாம். கடைகள் அபூர்வமாகத்தான் தீப்பிடிக்கின்றன. என்றாலும் நாம் இன்ஷூரன்ஸ் கட்டாமல் இருப்பதில்லை. நம் சரக்குக்குக் காட்டும் முன்யோசனையை நம் ஆட்களின் உடம்புக்கும் காட்டினால் என்ன?

மற்றொரு பக்கமும் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு ஆன்டிபயாட்டிக் என்றாலே விஷம் என்று யாரும் ஓடிவிட வேண்டாம். அவற்றால் பிழைத்த உயிர்களுக்குக் கணக்கில்லை. சிறு வயதில் ஏதோ தடித்தது என்பதற்காக 'எனக்குப் பென்சிலின் ஆகாது' என்று ஆயுள் முழுதும் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் 100 பேரில் சுமார் 10 பேர் அப்படிச் சொல்கிறார்கள். முறையாகச் சோதித்துப் பார்த்தால் அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அது ஒத்துக்கொள்கிறது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதும் கேடுதான். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லித் தெளிந்துகொள்ள வேண்டும். ஆனால் தோல் கழன்று பிழைத்தவர்கள் அந்த மருந்தை மறுபடி ஒருநாளும் தொடக்கூடாது. சோதித்துப் பார்க்கிறேன் என்றும் தொடக்கூடாது.

நாம் கேட்டுக்கொள்வது சிலவே. வீட்டு டின்னில் மீந்து கிடக்கும் மாத்திரைகளைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகங்களில் அவற்றைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். உங்களுக்குக் கொடுக்கும் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். மருந்து சாப்பிடும் நாட்களில் காய்ச்சலோடு தடிப்பு வந்து, கண் எரிந்து, வாய் புண்ணாகி, தோலைத் தொட்டால் வலித்தால், அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உங்களிடம் வேலை செய்கிறவர் நோயாளி என்றால், நீங்கள் சற்று விலகி நின்று அவரையே பேச விடுங்கள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒவ்வாமை அட்டையைப் பையன் பாஸ்போர்ட்டுக்குள் வைத்து எடுத்துச் சென்றான். அது கிழிந்துபோனால் என்ன செய்வது என்று, கோ-டிரைமாக்சசோல் என்ற பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி அவன் தாயாரிடம் கொடுக்கும்படி ஒரு தாளும் கொடுத்தோம். பெருநாளைக்குப் பெருநாள் பேசுவான். கண் எப்படி இருக்கிறது என்று நாம் கேட்போம். "சொட்டு மருந்து விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் முதலாளி" என்பான்.